மயிலாப்பூர்: விமான நிலையத்திலிருந்து குளத்தங்கரை வரை

சென்னைக்கு விமானத்தில் வந்து மயிலாப்பூரைப் பார்க்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். இன்றைக்கும் காய் வாங்கப் போவது தெற்கு மாட வீதிக்குத்தான்.

கோவையிலிருந்து ஒருவர்: விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக மயிலாப்பூர் போகிறதா?

நேராகப் போகாது. விமான நிலையத்திலிருந்து வரும் நீல வழித்தடம் அண்ணா சாலையோடு போய்விடும். மயிலாப்பூர் அதற்குக் கிழக்கே இருக்கிறது. நீங்கள் நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கி, மிச்ச மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். எனக்குக் கேட்டால் நந்தனம். அங்கிருந்து சேமியர்ஸ் சாலை வழியாக மந்தைவெளிப் பக்கம் வந்து கோயில் குளத்தைப் பிடித்துவிடலாம். ஆட்டோக்காரரிடம் "மயிலாப்பூர் டேங்க்" என்று சொன்னால் போதும். கபாலீசுவரர் கோயில் என்று முழுதாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ரயிலில் இடது பக்க ஜன்னலோரம் நில்லுங்கள். ஆலந்தூர் வருவதற்குள் பரங்கிமலை தெரியும். அப்புறம் கிண்டி தாண்டி சின்னமலை. கிறிஸ்தவ மரபில் தோமையார் மறைந்திருந்த இடம் சின்னமலை, உயிர்விட்ட இடம் பரங்கிமலை, அடக்கமான இடம் மயிலாப்பூரின் சாந்தோம். முதல் இரண்டையும் ரயிலிலிருந்தே கடந்துவிட்டு மூன்றாவதற்குப் போகிறீர்கள். சின்னமலை தாண்டியதும் ரயில் தரைக்கடியில் இறங்கிவிடும், பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவவுக்கு முழங்கால் வருத்தம், கனதூரம் நடக்க ஏலாது. எப்படிப் போனால் நல்லது?

அம்மாவோடு என்றால் மெட்ரோ வேண்டாம், டாக்சியே நல்லது. ஆனால் ஒரு விஷயம். செயலியில் பதிவு செய்யும் டாக்சிகள் முனையத்து வாசலுக்கு வருவதில்லை. பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அங்கே லிஃப்ட், தளம், தூண் எண் என்று தேடுவதற்குள் அவருக்கு அலுத்துப்போகும். முனையத்துக்குள்ளேயே இருக்கும் முன்பணம் கட்டும் டாக்சி கவுன்டர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவருக்கு அதுதான் சுகம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வையுங்கள்.

தூரம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அதிகாலையில் அரை மணி, முக்கால் மணி. அலுவலக நேரத்தில் ஒரு மணிக்கு மேல் ஆகும்.

கோயிலில் அம்மாவுக்குப் பெரிய ஏற்றம் கிடையாது, ஆனால் தளம் முழுக்கக் கல். வெயில் ஏறிய பிறகு கால் பொத்துப்போகும். காலை ஏழு, ஏழரைக்குள் கூட்டிப் போங்கள், அல்லது மாலையில். உங்கள் திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் பாடிய அதே சம்பந்தர்தான் மயிலைக்கும் பாடியிருக்கிறார். அம்மாவுக்கு அந்தப் பூம்பாவைப் பதிகம் தெரிந்திருக்கும். உள்ளே பூம்பாவைக்கும் ஒரு சந்நிதி இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கையில் காசு குறைவு. பேருந்தோ ரயிலோ மட்டும் போதுமா?

போதும். விமான நிலையத்துக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் 21ஜி பேருந்து வரும். மந்தைவெளி வழியாகப் போகும் தடம் அது. மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூர் லஸ் சந்திப்புப் பக்கம் பாதைகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் ஏறும்போதே நடத்துநரிடம் "குளத்துக்கு எங்கே இறங்கணும்" என்று கேட்டுவிடுங்கள்.

ரயிலிலும் வரலாம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையம். மின்சார ரயிலில் சென்னைக் கோட்டை நிலையம் வரை போய், அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறி, திருமயிலையில் இறங்க வேண்டும். வடக்கே போய்த் திரும்பித் தெற்கே வருகிற சுற்று வழி, ஆனால் செலவு மிகக் குறைவு. பெட்டி கனமாக இருந்தால் யோசியுங்கள். திருமயிலை நிலையம் பக்கிங்காம் கால்வாயின் மேல் உயரத்தில் நிற்கிறது, இறங்க வேண்டிய படிகள் அதிகம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: இப்போதுள்ள கோயில் பழைய கோயில் இல்லை, பழையது கடலுக்குள் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய மயிலை கடற்கரை ஊர். பாம்பு கடித்து இறந்து, சாம்பலாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைப் பார்த்து, இந்த விழாவைக் காணாமல் போவாயோ என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லிக் கேட்கிறார். ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம் என்று வரும் வரிசையில் மாசிக் கடலாட்டும் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் அலைகள் பக்கத்தில் சூழ்ந்த மயிலை என்றே பாடுகிறார். ஆனால் இன்றைய கோயிலின் வாசலில் நின்றால் அலை ஓசை கேட்காது. கடல் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால்.

போர்த்துக்கீசியர் சாந்தோமில் கால் ஊன்றியது பதினாறாம் நூற்றாண்டில். பழைய கோயில் அந்தக் காலத்தில்தான் அழிந்தது, பிறகு உள்ளே தள்ளி இப்போதைய இடத்தில் எழுப்பினார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்பது. சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. கடல் கொண்டது என்ற பேச்சும் ஊரில் உண்டு, ஆனால் எனக்கு அந்தக் கற்களின் சாட்சிதான் பெரிதாகப் படுகிறது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கிழக்கு ராஜகோபுரம் 1906இல் கட்டப்பட்டது, சுமார் 120 அடி உயரம்.

இதை நம்புவதற்குப் புத்தகம் வேண்டாம், நடந்து பாருங்கள். கிழக்கு மாட வீதியிலிருந்து வடக்கே வந்தால் கச்சேரி சாலை. இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி அல்ல, அந்தக் காலத்து அரசு அலுவலகம். கிழக்கே திரும்பி நடந்தால் பழைய நாட்டு மருந்துக் கடை வரும். டப்பா செட்டி கடை என்பார்கள். பிரசவ லேகியத்துக்காக என் பாட்டி என்னை அனுப்பிய கடை அது. உள்ளே வரிசை வரிசையாகத் தகர டப்பாக்கள். சுக்கும் திப்பிலியும் கலந்த வாசனை தெருவரை வரும். இதே சாலையில் பள்ளிவாசலும் உண்டு. சாலை முடிகிற இடத்தில் சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம். இப்போதைய கட்டடம் 1896இல் முடிந்தது. கீழே தோமையார் கல்லறைக்குத் தனி வழி இருக்கிறது. பேராலயத்துக்குப் பின்னால் போனால் மணல், அதைத் தாண்டிக் கடல். அங்கே நின்று மேற்கே திரும்பிப் பாருங்கள். சம்பந்தர் பார்த்த மயிலை உங்கள் காலடியில் எங்கேயோ இருக்கிறது.

தென்மயிலையில் நேமிநாதருக்குச் சமணக் கோயில் இருந்ததும் இந்த ஊரின் கதையில் சேர்ந்ததே. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயர் வைத்தது அந்தப் பெருமானை நினைத்துத்தான்.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: ராஜகோபுரம் வழியாக உள்ளே போனேன், சுவாமி எங்கே என்றே தெரியவில்லை. ஏன்?

கபாலீசுவரர் மேற்கு நோக்கி இருக்கிறார். கிழக்குக் கோபுரம் வழியாக வந்தால் சந்நிதிக்குப் பின்புறம்தான் வருவீர்கள், சுற்றிக்கொண்டு முன்னால் போக வேண்டும். குளத்துப் பக்கத்து மேற்குக் கோபுரம் சிறியது, ஆனால் அந்த வழியாக வந்தால் நேரே அவர் முன்னால் நிற்பீர்கள். கற்பகாம்பாள் தெற்கு நோக்கி. புன்னை மரத்தடியில் அம்பாள் மயிலாகப் பூசிக்கும் சிறு சந்நிதியையும் பாருங்கள், ஊருக்குப் பெயர் தந்தது அந்த மயில்தான்.

ஹைதராபாத்திலிருந்து ஒருவர்: பகல் 12 மணிக்குச் சென்னையில் இறங்குகிறேன். இரவு 9 மணிக்கு வெளிநாட்டு விமானம். இடையில் மயிலாப்பூர் போய் வரலாமா? கையில் ஒரு பை மட்டும்.

வரலாம், வரிசையை மாற்றிக்கொண்டால். மதியம் சுமார் 12லிருந்து 4 வரை கோயில் நடை சாத்தியிருக்கும். இது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் முதலில் சாந்தோமுக்குப் போங்கள். அங்கிருந்து மேலே சொன்ன கச்சேரி சாலை நடையைத் தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்காக நடங்கள். நான்கு மணிக்குக் கோயில். பிறகு குளத்தின் மேற்குக் கரைக்கு வந்து திரும்பிப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், கோபுரத்துச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காலையில் அதே இடத்தில் நின்றால் கோபுரம் இருட்டாகத்தான் தெரியும். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் அண்ணா சாலையையும் கிண்டியையும் நம்ப முடியாது, அதனால் திரும்பும்போது ஆட்டோவில் தேனாம்பேட்டை வந்து மெட்ரோ. ஆறரைக்குள் விமான நிலையத்தில் இருப்பீர்கள்.

லஸ் தேவாலயத்தையும் பார்க்க ஆசையாக இருந்தால் சாந்தோமில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1516 என்று கல்வெட்டு சொல்லும் சின்னக் கோயில் அது. சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் வந்த "காட்டுக் கோயில்" என்ற பெயர் இன்னும் இருக்கிறது. லஸ் என்றால் போர்த்துக்கீசியத்தில் வெளிச்சம்.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: பங்குனியில் வருகிறோம். அறுபத்து மூவர் அன்றே வந்து இறங்குவது சரியா?

அறுபத்து மூவர் பார்க்க வாருங்கள், ஆனால் அன்றைக்கு வந்து இறங்காதீர்கள். பத்து நாள் பெருவிழாவில் எட்டாம் நாள் அது. மாட வீதிகளைச் சுற்றி எல்லாத் தெருவிலும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம் வெளியூர் அத்தையை விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்துவந்தேன். மந்தைவெளியோடு கார் நின்றது. எழுபது வயது அத்தை கையில் பையோடு கூட்டத்தில் நடந்தார். அது என் தவறு, முதல் நாளே வரச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் நாள் வந்து, நடக்கிற தூரத்தில் தங்குங்கள். அன்று காலையில் குளக்கரையில் பூம்பாவை உயிர்பெறும் ஐதீகம் நடக்கும். மதியத்துக்கு மேல் நாயன்மார்கள் பல்லக்கு பல்லக்காக வருவார்கள். வீட்டுக்கு வீடு நீர்மோர், பானகம். கூட்டம் தாங்காது என்றால் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி. விடியற்காலையில் கோபுர வாசலில் அந்த வெள்ளி முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தையில் வந்தால் தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம்.

திருச்சியிலிருந்து ஒருவர்: சாப்பாடு?

காலையில் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடைப் பொங்கல், ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பார்கள், தெருவில் நின்று சாப்பிட வேண்டும். வெயில் நேரத்தில் மாட வீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ் மில்க். மற்றபடி எந்தத் தெருவில் நுழைந்தாலும் காபி நன்றாகவே இருக்கும்.

துபாயிலிருந்து ஒருவர்: நள்ளிரவு 2 மணிக்கு இறங்குகிறேன். விடியும்வரை காத்திருந்து மெட்ரோவில் வரவா?

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். சோதனை முடித்துப் பெட்டி எடுக்கவே மூன்று, மூன்றரை ஆகிவிடும். களைப்பு இல்லை என்றால் உள்ளேயே ஒரு காபி குடித்துக் காத்திருங்கள். முதல் ரயிலில் நந்தனம் வந்து ஆட்டோ பிடித்தால் ஆறு மணிக்கு முன்பே குளத்தங்கரை. அந்த நேரத்தில் வடக்கு மாட வீதியில் வாசல் தெளித்த ஈரம் காயாமல் இருக்கும், பூக்காரம்மாக்கள் கூடையைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். பெட்டியை மட்டும் முதலில் தங்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். இத்தனை காலையில் வருவதை அவர்களுக்கு முந்தின நாளே சொல்லி வைத்தால் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்.