பிரிவுகளே வாங்கட்டும், சாவி மட்டும் ஒரே கையில் வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில் ஆணை பெற்ற கழகம் (அரசாங்க அமைப்பு) ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். சின்னப் பொருளுக்குக்கூட தலைமையக ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம். இனிப் பிரிவுகளே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது மேலிடம். எதில் தொடங்குவது?

பதில்: அரசாங்க அளவில் இது 1995இலேயே நடந்தது. நிதி அமைச்சின் மத்தியக் கொள்முதல் அலுவலகம் மூடப்பட்டு, வாங்கும் பொறுப்பு அந்தந்த அமைப்புகளிடம் போனது. விதிகள் மட்டும் அமைச்சிடம் நின்றன. நீங்களும் அப்படியே செய்யலாம்.

"பிரிவுகள் எத்தனை வெள்ளி வரை வாங்கலாம்?" என்பதிலேயே கூட்டங்கள் கழியும். முதலில் வேலையை ஆட்களுக்குள் பிரித்துவிடுங்கள். தேவையை எழுதுபவர், அதற்கு ஒப்புதல் (ஏஓஆர்) தருபவர், விலைகளை மதிப்பிடுபவர், கொள்முதலை அங்கீகரிப்பவர், வந்த பொருளைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்பவர் என்று வேலை நகரட்டும். நாலு பேர் மட்டுமே உள்ள பிரிவா? அங்கீகாரத்தைப் பக்கத்துப் பிரிவின் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து மதிப்புக் கணக்கு. பிரிவுகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். துப்புரவு ஒப்பந்தம் மாதம் 3,500 வெள்ளி, 2 ஆண்டுகள், விரும்பினால் இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 84,000 என்று எழுதினால் வரம்புக்குள் அடங்கி, விலைக்குறிப்போடு (கொட்டேஷன்) முடிந்துவிடும். ஆனால் நீட்டிப்பையும் சேர்த்தால் 126,000. வரம்பைத் தாண்டுவதால் ஏலக்குத்தகைக்கு (டெண்டர்) போக வேண்டும். சேர்க்காவிட்டால் கணக்காய்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அரசாங்கக் கொள்முதல் இணையத்தளமான ஜீபிஸில் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்குச் சைக்கிள்களை 57,200 வெள்ளிக்கு, அதாவது ஒன்று 2,200 வெள்ளிக்கு வாங்கியது. விலை கூறிய விற்பனையாளர் ஒரே ஒருவர். உங்கள் பிரிவுகளுக்கும் அப்படி ஒற்றை விலை வந்தால், மதிப்பீட்டுக் குறிப்பில் இரண்டு பதில்கள் இருக்கட்டும்: மற்றவர்கள் ஏன் வரவில்லை, இந்த விலை நியாயம் என்று எப்படித் தெரியும். தேவைக்குறிப்பு ஒரே பிராண்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தால் முதல் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மடிக்கணினி போன்ற மொத்தக் கொள்முதல்களைப் பிரிவுகளிடம் விட வேண்டாம். ஏற்கெனவே உள்ள பொது ஒப்பந்தத்திலிருந்தே எடுங்கள். முதல் 3 மாதம், ஒரே விற்பனையாளரிடம் 30 நாளுக்குள் ஒரே பொருள் இருமுறை வாங்கப்பட்டுள்ளதா என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். கொள்முதலைப் பிரித்து வரம்புக்குள் அடக்கும் பழக்கம் அதில் தெரிந்துவிடும். கூடவே, விற்பனையாளர் அனுப்பிய விலைப்பட்டியலின் (இன்வாய்ஸ்) தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.