ஒரே கிட்ஹப் அமைப்பின் (பல திட்டங்கள் பகிரும் கணக்கின்) கீழ் ஏழெட்டுக் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள். இலவச சிஐ, அதாவது நிரல் மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் வசதி, போதவில்லை. நியாயமாகப் பங்கிடுவது எப்படி?

கேள்வியைப் படித்தவுடனே தெரிந்துவிட்டது, அந்த ஏழெட்டில் உங்களுடையது சின்னத் திட்டம். பெரிய திட்டத்தைப் பராமரிப்பவர் இப்படிக் கேட்க மாட்டார். அவருக்குப் பங்கீட்டில் குறையே தெரியாது. நானும் உங்கள் கட்சிதான் என்பதால் எழுதுகிறேன்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற சிஐ சேவையில் பொதுக் களஞ்சியங்களுக்கு (யாரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புகளுக்கு) நிமிடக் கட்டணம் கிடையாது. அதனால் ‘இலவசம்தானே, எவ்வளவு ஓடினால் என்ன’ என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. இலவசக் கணக்கு என்றால் அமைப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 20 ஜாப்கள், அதாவது தனித்தனி ஓட்டங்கள்தான் ஓடும். அதிலும் மேக் ஜாப்கள் 5க்கு மேல் கிடையாது. ஒரு பைத்தான் திட்டம் மூன்று இயங்குதளம், ஐந்து பைத்தான் பதிப்பு என்று எல்லாச் சேர்க்கைக்கும் மேட்ரிக்ஸ் போட்டால் ஒரு புஷ்ஷுக்கு (ஒரு முறை மாற்றத்தை அனுப்புவதற்கு) 15 ஜாப். அமைப்பின் ஐந்து மேக்குகளும் அவர்கள் கையில். ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தியிருந்தாலும் இதே செலவுதான்.

நான் பராமரிப்பது தேதிகளைப் படித்து மாற்றித்தரும் ஒரு சின்ன லைப்ரரி. அதன் சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான் அலுவலகம் முடிந்து உட்காரும் மாலை நேரம், ஐரோப்பாவில் பிற்பகல், அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை. எங்கள் அமைப்பின் பெரிய திட்டத்துக்கு அதுதான் உச்ச நேரம். ஒரு நாள் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை அவசரமாக வெளியிட வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், சோதனை தொடங்கவில்லை. மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் காத்திருப்பில்தான் இருந்தது. முன்னால் என்னதான் ஓடுகிறது என்று தேடினால், பெரிய திட்டத்தில் ஒரே புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தை இணைக்கச் சொல்லும் கோரிக்கைக்கு) ஒருவர் மாற்றி மாற்றிப் புஷ் செய்துகொண்டிருந்தார். பழைய கமிட்டுகளுக்கான (முன்பு அனுப்பிய மாற்றங்களுக்கான) ஜாப்கள் எதுவும் ரத்தாகவில்லை. யாரும் திறந்து பார்க்கப்போகாத முடிவுகளுக்காக இயந்திரங்கள் உழைத்துக்கொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டித்தான் என் திருத்தம் வெளியே போனது.

மறுநாள் பெரிய திட்டக்காரர்களிடம் கேட்டதற்கு, “உங்கள் திட்டத்தில் வேலை குறைவு, ஆகவே தேவையும் குறைவு” என்று பதில் வந்தது. இதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய திட்டத்துக்கு வரிசை எவ்வளவு நீண்டாலும் ஏதோ ஒரு முடிவு வந்துகொண்டே இருக்கும். சின்னத் திட்டத்துக்கு அன்றைக்கு இருப்பதே ஒரு மாற்றம்தான். ரேஷன் கடையில் ஒரே வீட்டுக்காரர் முப்பது பையை வரிசையில் வைத்துவிட்டுப் போனால், ஒற்றைப் பையோடு நிற்பவர் என்ன செய்வார்?

இது என் புலம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேகக் கணிமை நிறுவனங்கள் கொடையாகத் தந்த இயந்திரங்களில், பல கட்டற்ற திட்டங்கள் அடங்கிய ஓபன்ஸ்டாக் தன் சோதனைகளை ஓட்டியது. அங்கும் சில பெரிய திட்டங்கள் வளத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, சின்னவை மணிக்கணக்கில் காத்திருந்தன. 2018 டிசம்பரில் அவர்கள் சோதனைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் தங்கள் ஸூல் மென்பொருளின் முன்னுரிமை முறையை மாற்றினார்கள். அதன்படி ஒவ்வொரு திட்டத்தின் முதல் மாற்றத்துக்கும் முதலில் இயந்திரம், பிறகுதான் இரண்டாவது மாற்றங்களின் முறை. ஒரு திட்டம் எத்தனை மாற்றங்களை வரிசையில் போடுகிறதோ, அதன் கடைசி மாற்றம் அவ்வளவு பின்னால் போகும். என்னைக் கேட்டால் நியாயம் என்பது இதுதான். ஆனால் கிட்ஹப்பில் இந்த வசதி இல்லை. ஆகவே அங்கே மனிதர்களோடுதான் பேசியாக வேண்டும்.

வெறும் பேச்சு எடுபடாது. நான் கிட்ஹப்பின் ஏபிஐ (நிரல் மூலம் தரவு எடுக்கும் வசதி) வழியாக ஒரு மாதத்து ஓட்டங்களை எடுத்து, எந்தத் திட்டம் எத்தனை மணி நேரம், அதில் மேக் எவ்வளவு, பாதியில் காலாவதியான கமிட்டுக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டுப் பொதுவில் வைத்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் பெரிய திட்டத்தில் கேன்சல்-இன்-புராகிரஸ் வந்துவிட்டது. புதிய புஷ் வந்தால் அதே கிளையின் பழைய ஓட்டம் தானாக நின்றுவிடும். மெயின் கிளைக்கு மட்டும் இதைப் போடாதீர்கள்; எந்தக் கமிட்டில் உடைந்தது என்று பிறகு தேட முடியாது. ஆவண மாற்றங்களுக்குச் சோதனையைத் தவிர்க்கும்போதும் கவனம் தேவை. அந்தச் சோதனை கட்டாயமானது என்று அமைத்திருந்தால், தவிர்த்த ஓட்டம் நிலுவையில் இருப்பதாகவே காட்டி இணைப்பைத் தடுத்துவிடும். ஒவ்வொரு ஜாப்புக்கும் கால வரம்பு வையுங்கள், வைக்காவிட்டால் தொங்கிப்போன ஜாப் ஆறு மணி நேரம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

“சொந்தக் கணினியை ரன்னராக (ஜாப்களை ஓட்டும் இயந்திரமாக) வைத்துக்கொள்ளலாமே” என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: பொதுக் களஞ்சியத்துக்கு அது வேண்டாம் என்று கிட்ஹப்பே எச்சரிக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் இருக்கும் நிரல் உங்கள் வீட்டு இயந்திரத்தில் ஓடக்கூடும். “கொடையாளரைத் தேடுங்கள்” என்பவர்களுக்கு: சர்வர்களைக் கொடையாகத் தந்துவந்த எக்வினிக்ஸ் மெட்டலின் ஆதரவு முடிகிறது என்று தெரிந்ததும், கட்டற்ற மென்பொருள் திட்டங்களான ஃபிரீடெஸ்க்டாப், ஆல்பைன் லினக்ஸ் இரண்டுமே 2025இல் மாற்றிடம் தேட வேண்டியிருந்தது. இதனால் கொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கிறேன்.

கொடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனம் பாதுகாப்புத் தணிக்கை என்று நீளமான எக்செல் கோப்பை அனுப்பி, ஐந்து வேலை நாட்களுக்குள் நிரப்பித் தருமாறு கேட்டது. சிஐ செலவுக்கு ஏதாவது உதவ முடியுமா என்று பணிவாகத்தான் கேட்டேன். முதலில் விற்பனையாளராகப் பதிவு செய்யுங்கள், ஜிஎஸ்டி எண் வேண்டும் என்றார்கள். கோப்பு இன்னும் நிரப்பப்படாமல் என்னிடமே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை போல வாரத்துக்கு 2,50,000 நிமிடம் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் உச்சவரம்பு வைக்கிற அளவுக்கு நீங்கள் பெரிய அமைப்பு இல்லை. மேக், விண்டோஸ் ஜாப்களை ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓட்டாமல், இணைப்பதற்கு முன் ஒரு முறை ஓட்டினால் போதும் என்று கேளுங்கள். பாதி நெரிசல் அதிலேயே தீரும். மறுத்தால் இன்னொரு வழி இருக்கிறது. வரம்பு கணக்குக்குத்தான் என்பதால், உங்கள் களஞ்சியத்தைத் தனி அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் அதற்கென்று தனியாக 20 கிடைக்கும். பழைய முகவரிக்கு வருபவர்களைக் கிட்ஹப் தானே திருப்பிவிடும். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் போகலாம் என்று கூட்டத்தில் சொன்ன பிறகுதான் எங்கள் அமைப்பில் மேக் ஜாப்களைப் பற்றிய பேச்சே தொடங்கியது.