குதிரைக்காக மொழிபெயர்த்த அதிகாரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெர்மனி ஒன்றுபட்ட வரலாற்றைப் படித்தால் எங்கும் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் பெயர்தான். அதற்காகப் பிரஷ்ய அரசு நடத்திய போர்களைத் திட்டமிட்ட தளபதி மோல்ட்கே பிறவியிலேயே பிரஷ்யரா?

பதில்: இல்லை. ஹெல்முட் ஃபொன் மோல்ட்கே 1800 அக்டோபர் 26 அன்று மெக்லென்பர்க் என்ற வேறொரு ஜெர்மன் பகுதியில், பார்ஹிம் என்ற சிற்றூரில் பிறந்தார். 1806இல் லூபெக் நகரில் இருந்த அவர்கள் வீட்டை நெப்போலியனின் வீரர்கள் சூறையாடினார்கள். தந்தை டென்மார்க்கின் சேவையில் இருந்ததால், சிறுவன் கோபன்ஹேகன் ராணுவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே கழிந்தது அன்பில்லாத இளமை. டென்மார்க் படையிலேயே இளநிலை அதிகாரியானார். 1822இல் அதை விட்டுவிட்டு, பிரஷ்யப் படையின் கடைசிப் படியிலிருந்து மறுபடி தொடங்கினார். 1864இல் பிரஷ்யா டென்மார்க் மீது போர் தொடுத்தபோது அதற்குத் திட்டம் வகுத்தவர்களில் அவரும் ஒருவர். தான் முதன்முதலில் அணிந்த சீருடைக்கு எதிராகவே படை நடத்த நேர்ந்த மனிதர் என்பதை மறந்துவிட்டு அவருடைய பேர்போன மௌனத்தை நம்மால் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: குதிரை வாங்கக் காசில்லாமல் புத்தகம் மொழிபெயர்த்தார் என்பது கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை அல்ல. 1832இல் பெர்லினில், போர்த் திட்டங்களை வகுக்கும் படைத் தலைமைப் பணியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பணியகத்து அதிகாரிக்குக் குதிரை வேண்டும், குடும்பத்திலோ வறுமை. ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய பெருநூலை ஜெர்மனுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். பணியை முடித்துவிட்டு வந்து இரவில் விளக்கடியில் எழுதி, ஒன்றரை ஆண்டில் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதை முடித்தார். பதிப்பாளர் அதை வெளியிடவே இல்லை. பேசிய தொகையிலும் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. எனக்கு அவருடைய வெற்றிகள் எல்லாவற்றையும்விட இந்த ஒன்பது தொகுதிகள்தான் நெருக்கமானவை. ஒரு பேரரசு எப்படிச் சரிகிறது என்பதை வரி வரியாகத் தன் மொழியில் எழுதிப் பார்த்த ராணுவ அதிகாரி வேறு யார்?

கேள்வி: ஒரு ரெஜிமென்ட்டைக்கூடத் தலைமை தாங்கி நடத்தாதவர் ஒரு நாட்டின் படை முழுவதையும் எப்படி நடத்தினார்?

பதில்: இந்தக் கேள்விக்கு நன்றி. இதற்குப் பதில் பிரஷ்யாவில் இல்லை, யூப்ரடீஸ் கரையில் இருக்கிறது.

1835இல் விடுப்பில் கான்ஸ்டான்டிநோபிள் போனார். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படையைச் சீரமைக்க உதவி கேட்டதால் அங்கேயே தங்கிவிட்டார். நகரத்தை அளந்து வரைபடம் போட்டார். ஊதிய ஆட்டுத்தோல்களைக் கட்டிய தெப்பத்தில் ஆறுகளில் போனார். 1839இல் சுல்தானின் தளபதி ஹாஃபிஸ் பாஷாவின் படையில் ஆலோசகர். எதிரில் எகிப்துப் படையின் தளபதி இப்ராஹிம் பாஷா. நிலைமையைப் பார்த்த மோல்ட்கே, யூப்ரடீஸ் கரையில் பிரேஜிக்கில் உள்ள அரணுக்குப் பின்வாங்குங்கள் என்று மன்றாடினார். பின்வாங்குவது இழிவு என்று சமயகுருக்கள் சொன்னார்கள். பாஷா அவர்கள் பேச்சைக் கேட்டார். மோல்ட்கே ஆலோசகர் பொறுப்பைத் துறந்துவிட்டுப் பீரங்கிகளைக் கவனிக்கப் போனார். ஜூன் 24, நெசிப் போர். படை சிதறி ஓடியது. அவர் அரும்பாடுபட்டுத் தலைநகர் திரும்பியபோது சுல்தானும் இறந்திருந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டும்வரை அவர் கண்ட ஒரே பெரும்போர் இதுதான், அதுவும் தோல்வி. சரியான ஆலோசனை கையில் இருந்தும் அதைக் கட்டளையாக்கும் அதிகாரம் இல்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் நான் இந்த ஒரு காயத்தின் வழியாகத்தான் படிக்கிறேன்.

ஊர் திரும்பியதும் தன் சேமிப்பை பெர்லின்–ஹாம்பர்க் ரயில் பாதையில் போட்டார். அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். ரயில் பாதை எந்த வழியாகப் போகவேண்டும் என்று 1843இல் கட்டுரையே எழுதினார். 1857இல் தலைமைப் பணியகத்தின் தலைவரானபோது, பீரங்கியைப் போலவே ரயில் கால அட்டவணையும் அவருக்குப் போர்க்கருவியாகிவிட்டது. 1866 ஜூன் 2 அன்று, அவருடைய கட்டளைகள் படைகளுக்கு நேரடியாகப் போகலாம் என்று மன்னர் ஆணையிட்டார். நெசிப்பில் கிடைக்காத அதிகாரம் 27 ஆண்டுகள் கழித்துக் கைக்கு வந்தது. அப்போதும் ஒரு கட்டளையைப் படித்த தளபதி மான்ஷ்டைன், "எல்லாம் சரி, யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

ஆஸ்திரியாவுக்கு எதிராகப் படைகளை ஐந்து ரயில் பாதைகளில் பிரித்து அனுப்பினார். பிரிந்து நடப்பது, சேர்ந்து அடிப்பது என்பது அவர் முறை. ஜூலை 3, கோனிக்ரேட்ஸ் போர். பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் படை இன்னும் வந்து சேரவில்லை; மழை வேறு. அந்தப் படையை அழைக்கும் ஆணையை முந்தைய இரவு கொண்டுபோனது தந்திக் கம்பி அல்ல, இருட்டில் குதிரை ஓட்டிய ஓர் அதிகாரி. நண்பகலுக்குப் பின் இளவரசரின் படை பக்கவாட்டில் இறங்கியது; ஆஸ்திரியா தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து பிரான்ஸுடனான போரில், செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சரணடைந்தார்.

கேள்வி: அவர் போரை விரும்பினாரா?

பதில்: 1880இல் சட்ட அறிஞர் புளூன்ச்லிக்கு எழுதிய கடிதத்தில், நிரந்தர அமைதி ஒரு கனவு, அதுவும் அழகான கனவுகூட இல்லை என்றார். அந்த வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் 1890 மே 14 அன்று, 89 வயதில், நாடாளுமன்றத்தில் எழுந்து வேறு விதமாகப் பேசினார். அடுத்த போர் ஏழு ஆண்டுகளோ முப்பது ஆண்டுகளோ நீடிக்கலாம். ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடுதான் என்று எச்சரித்தார். 1914இல் அந்தத் தீ மூண்டபோது தலைமைப் பணியகத்தில் அவர் நாற்காலியில் இருந்தவர் அதே பெயருடைய அவருடைய தம்பி மகன்.

கேள்வி: ஏழு மொழிகளில் மௌனம் சாதிப்பவர் என்று அவரைச் சொல்வார்களாமே. அவர் குரல் பதிவாகியிருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1889 அக்டோபரில் எடிசனின் உதவியாளர் வாங்கெமன், மோல்ட்கேயின் கிரைசாவ் பண்ணை வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியோடும் மெழுகு உருளைகளோடும் போனார். 1868 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்த மனைவி மேரியின் கல்லறை இருக்கும் இடம் அது. பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்த அந்த உருளைகள் இப்போது அடையாளம் காணப்பட்டுவிட்டன. இரைச்சலுக்கு நடுவே, மெலிந்தாலும் தெளிவான ஒரு கிழவரின் குரல். ஃபாவுஸ்ட், ஹாம்லெட் நாடகங்களிலிருந்து வரிகள் சொல்கிறார். அதற்கு முன் கருவியைப் பற்றி இரண்டு வாக்கியம்: கல்லறையில் நெடுநாளாக உறங்கும் ஒருவன் மீண்டும் குரல் எழுப்பி நிகழ்காலத்துக்கு வணக்கம் சொல்ல இது வழி செய்கிறது என்கிறார்.