எட்டு வயது லேப்டாப்பை இப்போதே மாற்றலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: 2018-ல் வாங்கிய லேப்டாப். ஆன் ஆகவே அஞ்சாறு நிமிடம் ஆகிறது. சார்ஜரைக் கழற்றினால் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. வீட்டிலிருந்து இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், ஜிஎஸ்டி தாக்கலும் இதில்தான். இப்போதே புதிது வாங்கிவிடலாமா, விலை குறையும் வரை பொறுக்கலாமா?

மதுரையில் வீட்டில் இருந்தபடி புத்தகங்களுக்கு லேஅவுட் செய்து கொடுக்கிறேன். பதினைந்து வருடமாக லேப்டாப்தான் எனக்குச் சோறு போடுகிறது. நீங்கள் கேட்கும் இதே கேள்வி எனக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பொறுத்தேன். முதல் தடவை பொறுத்தது பெரிய தப்பாகப் போனது, இரண்டாவது தடவை நாலு வருடம் லாபமாக அமைந்தது. அந்த இரண்டையும் சொல்லிவிட்டு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது 2016-ல். எங்கள் தொழிலுக்கு மார்கழிதான் சீசன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால், வருடம் முழுக்க வராத வேலையெல்லாம் நவம்பர், டிசம்பரில் மொத்தமாக வந்து இறங்கும். தீபாவளி முடிந்ததிலிருந்தே என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சத்தம். டக், டக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். ஃபைலைச் சேமிக்கும்போது மட்டும் கேட்கும். பொங்கல் கழிந்து பணம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் மூன்றாவது வாரம், இரவு பதினொரு மணி. முந்நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள ஒரு நாவலுக்கு மூன்றாம் புரூஃப் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கர்சர் நின்றது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது. அதோடு சரி, அந்த டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாம் புரூஃப் வரையிலான ஃபைல் மின்னஞ்சலில் இருந்தது. புரூஃப் பார்த்த ஐயா சிவப்பு மையில் திருத்திய தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அவற்றை வைத்து, என் தங்கையின் கம்ப்யூட்டரில் நாலு இரவு உட்கார்ந்து எல்லாத் திருத்தத்தையும் மறுபடி போட்டேன். புத்தகம் காட்சி தொடங்கி மூன்றாம் நாள்தான் அரங்குக்குப் போனது. எழுதியவர் வெளியூரிலிருந்து முதல் நாளே வந்து காத்திருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம், மாற்றுவது மாற்றாதது எதுவானாலும், இன்று இரவே எல்லாக் கணக்கையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்றில் இன்னொன்று. நகல் கைவசம் இருந்தால் நீங்கள் நிதானமாகப் பொறுக்கலாம். அது இல்லாமல் பொறுப்பதை யாருக்குமே நான் சொல்ல மாட்டேன், நீங்கள் வைத்திருப்பது மற்றவர்களின் கணக்கு வேறு.

அப்புறம் 2017 தொடக்கத்தில் புதிது ஒன்று வாங்கினேன். இன்டெல் ஐ5 பிராசஸர், ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2021 வாக்கில் அதற்கும் நீங்கள் சொல்லும் அத்தனை அடையாளமும் வந்துவிட்டது. ஃபேன் இரைச்சலில் பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா எழுந்துவிடுவார். பார்த்தவர்கள் எல்லோரும் "நாலு வருஷம் ஆச்சு, மாத்திடு" என்றார்கள். டவுன் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன்.

அவர் லேப்டாப்பை மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார். லேசாக ஆடியது. டச்பேடின் இடது பக்கத்தை அழுத்தினார், கிளிக் ஆகவில்லை. எதுவும் சொல்லாமல் அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தார். பேட்டரி உப்பி, அப்பளம் பொரிந்த மாதிரி நடுவில் மேடாக நின்றது. அதுதான் டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருக்கிறது. நான் பட்டன் தேய்ந்துவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் மவுஸ் வைத்து ஓட்டியிருக்கிறேன். பிறகு ஃபேனைக் கழற்றினார். காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கு முன்னால், சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒரு அடுக்கு. சாமணத்தால் பிடித்து இழுத்தார், முழுசாக ஒரே துண்டாக வந்தது.

"அக்கா, இதுக்கு வயசாகல. மூச்சு விட முடியாம கெடந்துருக்கு" என்றார்.

அன்றைக்கே பேட்டரி மாற்றி, ஃபேன் சுத்தம் செய்து, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் வைத்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 480 ஜிபி எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டு, காலியாக இருந்த ஸ்லாட்டில் 8 ஜிபி ராம் சேர்த்தார். எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். நாலு நிமிடம் எடுத்த மெஷின் இருபது விநாடிக்குள் ஆன் ஆனது. அதிலேயே 2025 ஆகஸ்ட் வரை எத்தனையோ புத்தகங்கள் முடித்தேன்.

இனி உங்கள் மெஷின். ஆன் ஆக அஞ்சாறு நிமிடம் என்கிறீர்கள். 2018-ல் நடுத்தர விலையில் விற்ற லேப்டாப்கள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கோடுதான் வந்தன, உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள், எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று அதிலேயே போட்டிருக்கும். எச்டிடி என்றிருந்து, நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் நூறு சதவீதத்தில் நின்றால் தாமதத்துக்குக் காரணம் அதுதான். உள்ளே நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் தட்டு, அதன் மேல் அங்குமிங்கும் ஓடி எழுத்தைத் தேடும் ஒரு சின்னக் கை. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை நகர்ந்தாக வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மாற்றம் தரும் செலவு எதுவும் எனக்குத் தெரியாது.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே ரிப்போர்ட் எடுக்கலாம், ஒரே வரிக் கட்டளைதான். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் முதலில் லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா, டச்பேட் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், நீங்களாகக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. மாற்றுவதா என்பதை உண்மையில் முடிவு செய்யப்போவது உங்கள் பிராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. எட்டாம் தலைமுறை லேப்டாப் சிப்கள் 2017 ஆகஸ்டில் வந்தன, ஆனால் ஏழாம் தலைமுறை மாடல்களும் 2018 முழுக்கக் கடைகளில் இருந்தன. எனவே வாங்கிய வருடத்தை நம்ப முடியாது. சிஸ்டம் விவரத்தில் ஐ3, ஐ5 என்பதை அடுத்து வரும் நாலு இலக்க எண் 8-ல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியும் சொல்லிவிடும். அது டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம், பல லேப்டாப்களில் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

எட்டாம் தலைமுறை என்றால் என் பதில்: வாங்காதீர்கள். எஸ்எஸ்டி, பேட்டரி, ராம் 4 ஜிபிதான் என்றால் இன்னொரு 4 அல்லது 8, விண்டோஸ் 11. கணக்கு வேலைக்கு இன்னும் மூன்று வருடம் தாராளமாக ஓடும்.

ஏழாம் தலைமுறை என்றால் கதை வேறு. விண்டோஸ் 10-ல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் ஒரு நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கேட்பதில்லை. அதில் சேர்ந்துகொண்டு, அந்தத் தேதிக்குள் புதிது வாங்குவதாகத் திட்டம் போடுங்கள். அதுவரை ராமுக்குச் செலவழிக்காதீர்கள். எஸ்எஸ்டி மட்டும் போடலாம், பின்னால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு நகல் எடுக்க வைத்துக்கொள்ளலாம். படம் பார்க்க, படிக்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டச் சொல்லியிருப்பேன். வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டெல்லாம் போடும் மெஷினில், திருத்தம் வராத விண்டோஸை வைத்துக்கொண்டு ஓட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கீல் உடைந்து மூடி தனியாகக் கழன்று வருகிறது, மதர்போர்டு போய்விட்டது, உள்ளே காபி கொட்டியது என்றால் யோசிக்கவே வேண்டாம், புதிதுதான். நான் வைத்திருக்கும் கணக்கு, ரிப்பேர் செலவு புதிய லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது.

விலை குறையும் வரை பொறுப்பது பற்றிக் கேட்டீர்கள். ஐந்து வருடம் முன்பு கேட்டிருந்தால் ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ பொறுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை கடுமையாக ஏறியது. உலகத்து ராம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்புகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைத்த குரூஷியல் என்ற பெயரில் சில்லறை வியாபாரம் செய்வதை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. லேப்டாப்புக்குள் இருப்பதும் அதே மெமரிதான். ஆகவே விலை இறங்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுக்காதீர்கள். பழைய ராமை எடைக்குப் போடவும் வேண்டாம்.

நான் 2025 ஆகஸ்டில் வாங்கியது விலையைக் கணித்து இல்லை. விண்டோஸ் 10 முடியப்போகிறது, எனக்கு ஆவணியில் வேலை குறைவு, அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருக்கும். மாதத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத்துக்கும், 20-ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்குக்கும் கடைசி நாள். அந்தப் பத்து நாளிலும் மார்ச் கடைசியிலும் மெஷினைத் தொடாதீர்கள். 21-க்கு மேல் மாற்றுங்கள், இடையில் இரண்டு வாரமாவது கிடைக்கும்.

அந்த இரண்டு வாரமும் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். என் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒரு டாங்கிளில், அதாவது லைசென்ஸுக்காக லேப்டாப்பில் செருகி வைக்கும் சின்னச் சாவியில், ஓடுவது. புது மெஷினுக்கு அந்த டாங்கிள் தெரியவே இல்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் மென்பொருள் காலத்து ஃபைல்களையெல்லாம் பழைய லேப்டாப்பில் திறந்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற எனக்குப் பதினேழு நாள் பிடித்தது. நீங்கள் டேலி வைத்திருந்தால், பழையதில் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கான டிரைவரையும் புதியதில் போட்டு ஒரு தடவை கையெழுத்து விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புதிது வாங்கினால் ஒன்றே ஒன்றை விடாமல் கேளுங்கள்: ராம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லாட் இருக்கிறதா? 8 ஜிபி ஒட்டியது, ஸ்லாட் இல்லை என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பட்ஜெட் கைக்கு எட்டவில்லை என்றால் கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் வகைகளைப் பாருங்கள். கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு பூட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பில்லோடு வாங்குங்கள்.

உங்கள் மாடல் எண் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அதையும் பிராசஸர் எண்ணையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். உங்கள் மாடலில் ராம் ஸ்லாட் எத்தனை, எந்த அளவு எஸ்எஸ்டி உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.