என்ர கம்ப்யூட்டர்ல வருது, அவங்களுக்கு வர்ல: அவுட்லுக் ஃபார்ம் கேள்வி பதில்

மைக்ரோசாஃப்டின் மெயில் புரோகிராமான அவுட்லுக்கில் சொந்தமாக ஃபார்ம் வடிவமைத்து ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் கேட்ட கேள்விகள். பதில்கள் எல்லாம் விண்டோஸில் ஓடும் கிளாசிக் (பழைய) அவுட்லுக்குக்கு.

திருப்பூர், பனியன் கம்பெனி ஆபீஸ்: சாம்பிள் அப்ரூவலுக்கு ஸ்டைல் நம்பர், ஜிஎஸ்எம், கலர்னு கட்டம் போட்டு ஒரு ஃபார்ம் செஞ்சேனுங்க. எனக்கு நல்லா வருது. மெர்ச்சண்டைசர் திறந்தா சாதா மெயிலாத்தான் வருதுங்ணா. ஏனுங்க?

மெயிலோட ஃபார்ம் போறதில்லைங்க. கட்டத்துல நிரப்பின விவரமும், எந்த ஃபார்ம்ல திறக்கணுங்கிற பேரும்தான் போகும். அந்தப் பேருக்கு மெசேஜ் கிளாஸ்னு பேரு, உங்களுது ஐபிஎம்.நோட்.சாம்பிள் மாதிரி இருக்கும். வாங்குறவரோட அவுட்லுக் அந்தப் பேரைத் தன்கிட்ட இருக்கிற ஃபார்ம் லைப்ரரிகள்ல, அதாவது ஃபார்ம்களைச் சேர்த்து வெக்கிற எடங்கள்ல, தேடும். கிடைக்கலைன்னா கடைசித் துண்டை விட்டுட்டு வெறும் ஐபிஎம்.நோட்ல திறந்துரும். நீங்க பார்க்கிற சாதா மெயில் அதுதான்.

எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டோட மெயில் சர்வர்) இருக்கிற ஆபீஸ்னா ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரியில ஒரே ஒரு தடவை பப்ளிஷ் பண்ணுனாப் போதும். அந்த லைப்ரரி தானா இருக்காது, அட்மின்தான் பப்ளிக் ஃபோல்டர்ல உருவாக்கித் தரணும். எக்ஸ்சேஞ்ச் இல்லாத எடத்துல ஃபார்மை .ஓஎஃப்டி ஃபைலா சேவ் பண்ணி, ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் டெவலப்பர் டேப், சூஸ் ஃபார்ம், யூசர் டெம்ப்ளேட்ஸ் வழியா திறந்து, பர்சனல் ஃபார்ம்ஸ் லைப்ரரியில பப்ளிஷ் பண்ணணும். பேரு எல்லா எடத்துலயும் அச்சுப் பிசகாம ஒண்ணா இருக்கணும். ‘சாம்பிள்’னு ஒருத்தரும் ‘சாம்பிள்1’னு இன்னொருத்தரும் போட்டா அவுட்லுக்குக்கு அது ரெண்டு ஃபார்ம்.

அதே ஆபீஸ்: ‘செண்ட் ஃபார்ம் டெஃபனிஷன் வித் ஐட்டம்’னு ஒரு டிக் இருக்குதுங்களே, அதைப் போட்டா முடிஞ்சுதல்லங்க?

உருவம் போகும், பட்டனுக்குப் பின்னால எழுதுன ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) ஓடாது. அப்படி மெயிலுக்குள்ள பொதிஞ்சு போற ஃபார்ம்ல ஸ்கிரிப்ட் இயங்க அவுட்லுக் விடாது, வைரஸ் பயம். பட்டனும் கணக்கும் இல்லாத ஃபார்முக்கு வேணும்னா முயற்சி பண்ணலாம். என்னைக் கேட்டா அந்த டிக்கைத் தொடவே வேண்டாம்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, குவிண்டால் விலைன்னு நிரப்பி அனுப்பறேனுங்க. அங்க ஃபார்ம் சரியா வருது, ஆனா கட்டமெல்லாம் காலி.

இதுக்குக் காரணம் ரெண்டு, முதலாவதைத்தான் அதிகம் பார்க்கலாம். டூல்பாக்ஸ்ல இருந்து டெக்ஸ்ட் பாக்ஸை இழுத்துப் போட்டதோட விட்டிருப்பீங்க. அது எந்த ஃபீல்டோடயும் (விவரத்தைச் சேமிக்கிற எடம்) சேராத வெறும் கட்டம். அதுல எழுதுனது எங்கயும் சேமிக்காது. டிசைன்ல கட்டத்து மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வேல்யூ டேப். அங்க ‘நியூ’ அழுத்தி ஃபீல்டு உண்டாக்குங்க: மூட்டைக்கு நம்பர் வகை, விலைக்கு கரன்சி வகை.

ஃபீல்டு இருந்தும் காலின்னா ரீட் பக்கத்தைப் பாருங்க. ‘செபரேட் ரீட் லேஅவுட்’ போட்டிருந்தா எழுதுற பக்கம் வேற, படிக்கிற பக்கம் வேற. நீங்க புதுசாச் சேர்த்த கட்டத்தை ரீட் பக்கத்துலயும் அதே ஃபீல்டோட வெக்கணும். உங்களுக்கே ஒண்ணு அனுப்பி, இன்பாக்ஸ்ல திறந்து பார்த்தா உடனே தெரிஞ்சுரும். செண்ட் ஐட்டம்ஸைப் பார்த்து ஏமாந்துறாதீங்க.

கோவை, பம்ப்செட் உதிரிபாகக் கடை: ஃபார்ம்ல எண்ணிக்கையும் விலையும் போட்டு பட்டனை அழுத்துனா மொத்தம் வரும். புதுசா வாங்குன கம்ப்யூட்டர்ல பட்டன் கம்முனு கெடக்குதுங்க. எர்ரர் கூட வர்ல.

2017 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பொறகு கஸ்டம் ஃபார்ம் ஸ்கிரிப்ட் எல்லாம் இயல்பாவே நிறுத்தி வெச்சதுதாங்க. பழைய கம்ப்யூட்டர்ல யாராவது ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் செட்டிங்கை வெச்சிருக்கிற எடம்) திறந்து விட்டிருப்பாங்க. ரெண்டு பதிவு வேணும். ஒண்ணு, அவுட்லுக் செக்யூரிட்டிக்குக் கீழ ‘டிஸேபிள்கஸ்டம்ஃபார்ம்ஐட்டம்ஸ்கிரிப்ட்’, டிவேர்டு (எண் வகை) மதிப்பு 0. இன்னொண்ணு, அவுட்லுக் ஃபார்ம்ஸுக்குக் கீழ ‘டிரஸ்டட்ஃபார்ம்ஸ்கிரிப்ட்லிஸ்ட்’ங்கிற கீயில (ரெஜிஸ்ட்ரி ஃபோல்டர் மாதிரி) உங்க மெசேஜ் கிளாஸ் பேருல ஒரு ஸ்ட்ரிங் (எழுத்து வகைப் பதிவு). முதலாவதை மட்டும் போட்டுட்டு ‘ஆகலையே’ங்கிறவங்கதான் நிறைய.

ஆனா உங்க வேலைக்கு ஸ்கிரிப்டே தேவையில்லைங்க. மொத்தம் ஃபீல்டோட வேல்யூ டேப்ல எண்ணிக்கை பெருக்கல் விலைன்னு ஃபார்முலா போட்டு, ‘ஆட்டோமேட்டிக்கலி’யைத் தேர்ந்தெடுங்க. ரெஜிஸ்ட்ரி பக்கமே போக வேண்டியதில்லை. அதுவுமில்லாம, இந்த ஃபார்ம் ஸ்கிரிப்டுகளை எழுதுற மொழியான விபிஸ்கிரிப்டை 2023 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் கைவிடப் போறதாச் சொல்லியாச்சு. புதுசா ஒண்ணை அதை நம்பிக் கட்டறது வீண்.

கரூர், பெட்ஷீட் ஏற்றுமதி: ஃபாரின் பையருக்கு அனுப்புனா வின்மெயில்.டேட்னு ஒரு ஃபைல் போய்ச் சேருதாமா.

கஸ்டம் ஃபீல்டெல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள்ளதான் போகுது. அவுட்லுக் அல்லாத மெயில்ல பெரும்பாலும் அதைப் பிரிக்க முடியாது. வெளியாளுக்கு இந்த ஃபார்மே ஆகாதுங்க. பிடிஎஃப் அனுப்புங்க.

பெருந்துறை: ஃபார்மை மாத்திப் பப்ளிஷ் பண்ணியாச்சு. ஒரே ஒருத்தருக்கு மட்டும் பழசே வருது.

கேஷ்தான் காரணம், அதாவது அவரோட கம்ப்யூட்டர் சேர்த்து வெச்சிருக்கிற பழைய நகல். அவரோட அவுட்லுக்கை மூடிட்டு, லோக்கல் ஆப்டேட்டாவுல மைக்ரோசாஃப்ட், ஃபார்ம்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற எஃப்ஆர்எம்கேஷ்.டேட் ஃபைலை அழிச்சுட்டுத் திறங்க. திரும்ப அதுவே உண்டாக்கிக்கும். இனிமே பப்ளிஷ் பண்றதுக்கு முந்தி ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்துல வெர்ஷன் நம்பரை மாத்துங்க. யாருகிட்ட எது ஓடுதுன்னு போன்லயே கேட்டுக்கலாம்.

நாமக்கல், லாரி புக்கிங் ஆபீஸ்: கட்டத்துப் பேரெல்லாம் தமிழ்ல வெச்சேன். அடுத்த கம்ப்யூட்டர்ல கண்டபடி இங்கிலீஷ் எழுத்தா வருதுங்க.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சிருப்பீங்க. அந்த ஃபான்ட் இல்லாத எடத்துல அப்படித்தான் வரும். யூனிகோடுல அடிச்சு லதா இல்லைன்னா நிர்மலா யூஐ வெச்சுக்குங்க.

அதே ஆபீஸ்: டிரைவர் போன்ல வருங்களா?

வராதுங்க. போன், வெப், மேக் எதுலயும் கஸ்டம் ஃபார்ம் திறக்காது. விண்டோஸ்ல வர்ற நியூ அவுட்லுக்லயும் அதேதான். நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஃபார்ம் திடீர்னு ஒருத்தருக்கு வரலைன்னா, மேல வலது மூலையில ‘நியூ அவுட்லுக்’ சுவிட்சை அவர் தட்டி விட்டிருக்காரான்னு மொதல்ல பாருங்க.