வகுப்புப் படத்தில் 38 பேர், புலனக் குழுவில் 14 பேர்

பள்ளித் தோழர்களைப் பல வருஷம் கழித்துச் சந்தித்தவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடிதமும் குரல்பதிவுமாக நிறைய வந்தன. எல்லாவற்றையும் கேட்டேன், சிலவற்றை இரண்டு தடவை கேட்டேன். இந்த இதழுக்கு மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கே முக்கால்வாசி இடம் போய்விடும் என்று தெரிகிறது, பரவாயில்லை, அது அப்படிப்பட்ட கேள்வி.

*கேள்வி: அக்கா, வணக்கம். செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 1981ல் ஆறாம் வகுப்பு முடித்தவன் நான். வகுப்புப் படத்தில் 38 பேர் இருக்கிறோம், இப்போது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பது 14 பேர். டிசம்பர் விடுமுறையில் பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு ஹோட்டலில் இரவு விருந்து வைத்துச் சந்திக்கலாம், தலைக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி முடித்துவிட்டார்கள். மற்றவர்களையும் தேடலாமே என்று எழுதினேன். "இத்தனை வருஷம் தொடர்பில் இல்லாதவங்க வந்து என்ன பேசப்போறாங்க, விடுப்பா" என்று ஒருவர் சொல்ல, மூன்று பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டது தப்பா?*
*– பட்டர்வொர்த் வாசகர்*

தப்பே இல்லை தம்பி. நீங்கள் வாயை மூடிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

குழுவில் இருக்கும் 14 பேரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் படிவம் 5 வரை, அதாவது இடைநிலைப்பள்ளி முடியும்வரை போனவர்களாக இருப்பார்கள். ஆசிரியர், அரசாங்க வேலை, சொந்தத் தொழில், வெளிநாட்டில் ஒருவர். மீதி 24 பேர் நம் மேல் கோபப்பட்டுத் தொடர்பை அறுத்துக்கொண்டு போனவர்கள் கிடையாது. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நம்மை விட்டுப் பிரிந்தார்கள் என்று நம் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருக்கிறோம்.

ரிமூவ் கிளாஸை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நேரே படிவம் 1 கிடைக்கவில்லை, புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் மலாய் பழக வேண்டியிருந்தது. தேசியப் பள்ளியிலிருந்து வந்த அதே வயதுப் பையன் படிவம் 1ல் இருப்பான், நாம் அவனுக்கு ஒரு வருஷம் பின்னால். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போகணும், தினமும் பஸ் காசு வேணும், புது உடுப்பு வேணும், வகுப்பில் சொல்வது பாதி புரியாது, புரியவில்லை என்று சொல்லவும் மொழி வராது. அந்த ஒரு வருஷத்திலேயே எத்தனை பேர் நின்றார்கள்! தாக்குப் பிடித்தவர்களைப் படிவம் 3ல் எஸ்.ஆர்.பி. என்ற அரசாங்கத் தேர்வு வடிகட்டியது. 1993ல் அதற்குப் பதிலாக பி.எம்.ஆர். தேர்வு வந்தது, அதற்கு முன் எஸ்.ஆர்.பி.யில் தோற்றவனுக்குப் படிவம் 4 கிடையாது, பதினாறு வயசோடு படிப்பு முடிந்தது. பெண் பிள்ளைகளை எலக்ட்ரானிக் கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. 1972ல் பாயான் லெப்பாஸிலும் அப்புறம் பிறைப் பக்கமும் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்த பிறகு, விடியற்காலையில் கம்பெனி பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து நிற்கும். முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அரிசியும் தம்பிக்குச் சப்பாத்தும் வாங்கிய பிள்ளை மறுபடி எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? அப்புறம் தோட்டங்களே வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் என்று போய்விட்டன, லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடிக்குப் போனார்கள். உங்கள் 24 பேர் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்.

என் வகுப்பைச் சொல்கிறேன். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைதான், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1969ல். இரண்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடைய அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1969ல் கட்டாயமாக்கினார்கள். அதனால் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு பினாங்குத் துறைமுகத்துக்குப் போய், இந்தியாவுக்குப் போகும் ரஜுலா கப்பலில் ஏறின. அவளும் போனாள். போவதற்கு முந்தின நாள் தன்னிடம் இருந்த அழிரப்பரைப் பல்லால் கடித்து இரண்டாக்கி ஒரு பாதியை என் கையில் வைத்தாள். அதில் அவள் பல் பதிந்த தடம் இருந்தது. அதை வைத்து அழிக்க எனக்கு மனசே வரவில்லை, வருஷக்கணக்கில் பென்சில் டப்பாவிலேயே கிடந்தது.

ஆறாம் வகுப்பு முடித்து நாற்பது வருஷம் ஆனபோது, 2014ல், நாங்களும் கூடினோம். முதலில் உங்களைப் போலத்தான், பதினோரு பேர். நல்லவேளையாக எங்களில் ஒருவர் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய், கூழ் ஊற்றுகிற இடத்தில் ஒருத்தியைக் கண்டுபிடித்தார். ரிமூவ் கிளாஸ் பாதியில் நின்று, அம்மாவோடு பால்மரம் வெட்டப் போய், பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பிறையில் ஒரு கம்பெனியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி தலைமுடியை விட மெல்லிய ஒயரை ஒட்டியவள். "நான் அங்க வந்து என்ன பேசப்போறேன்" என்றுதான் அவளும் சொன்னாளாம். கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார்கள்.

சாப்பாடு முடிந்து, வகுப்பில் யார் யார் இருந்தோம் என்று ஆளாளுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தோம், இருபதைத் தாண்டவில்லை. அதுவரை மூலையில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவள் மெதுவாக ஆரம்பித்தாள். வாத்தியார் காலையில் பெயர் கூப்பிடுவாரே, அதே இழுவையில், பதிவேட்டில் இருந்த அதே வரிசையில், ஒன்று முதல் சொல்லிக்கொண்டு போனாள். நாங்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள், எங்கள் பெயர் வந்தபோது தன்னால் "உள்ளேன் ஐயா" என்றோம். பதில் வராத பெயருக்கு ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். கப்பல் ஏறியவளின் பெயரையும் விடவில்லை. அந்தப் பெயர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் கிடையாது தம்பி, இரண்டாம் வகுப்பிலேயே சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். படித்தவர்கள் என்று நாங்கள் பத்துப் பேர் இருந்தோம், வகுப்பை முழுசாக வைத்திருந்தது அவள்தான்.

அதனால் தேடுங்கள். தோட்டம் போனாலும் கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் வருவார்கள், எங்கெங்கோ இருந்து வருவார்கள், அங்கே போய் நில்லுங்கள். வகுப்புப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் மறந்தவர்கள்கூட முகத்தைப் பார்த்து "இது தண்டல் மகனாச்சே, அக்கா வீடு சுங்கை பாக்காப்ல இருக்கு" என்று ஒரு வழி சொல்வார்கள். பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) உயிரோடு இருந்தால் அவரைப் பாருங்கள். பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் சேர்க்கைப் பதிவேடு அவர்களிடம் இருக்கலாம், தலைமையாசிரியரிடம் மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்துப் பெயர்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆள் யாராவது வந்தால் முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

180 வெள்ளி விஷயத்துக்கு வருகிறேன். மன்னிக்கவும், எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறவருக்கு அது பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் இரண்டு மூன்று பார்த்துச் சேர்க்கிற காசு. காசு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், "அன்னிக்கு வேலை இருக்கு" என்பார்கள், நாமும் நம்பிவிடுவோம். ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியாயிற்று என்றால் அந்த 14 பேர் போய்ச் சாப்பிட்டு வரட்டும், சண்டை வேண்டாம். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ பிடித்து வாழையிலைச் சாப்பாடு போடுங்கள். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பணம் வாங்கும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், குழுவில் பட்டியல் போடவே கூடாது. இரவு வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, மோட்டாரில் வருகிறவர்கள் இருட்டில் திரும்பிப் போகணும்.

வந்தவரிடம் எடுத்த எடுப்பில் "இப்ப என்ன செய்யறீங்க?" என்று கேட்காதீர்கள். "எந்த வாங்கில உட்கார்ந்திருந்தே?" என்று கேளுங்கள், பேச்சு தானாக ஓடும். வர விருப்பமில்லை என்பவரை ஒரு தடவைக்குமேல் வற்புறுத்த வேண்டாம், நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்றைக்கே குழுவில் ஒரு வரி எழுதுங்கள்: "தேடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு பேர் கூட வாங்க." கட்டைவிரல் போட்டவர்களிலேயே ஒருவர் தனியாக உங்களுக்கு போன் செய்வார் பாருங்கள்.

*கேள்வி: அக்கா, எங்கள் பள்ளி ஒன்றுகூடலில் பழைய ஆசிரியர்களுக்கு மரியாதை செய்கிறார்கள். அதில் ஒருவர் எனக்குக் கணக்கு வரவில்லை என்று ரோத்தான் பிரம்பால் அடித்தது மட்டும் இல்லாமல், என் அம்மா செய்த வேலையைச் சொல்லி வகுப்பு முன்னாலேயே கேவலப்படுத்தியவர். அவருக்கு இப்போது எண்பது வயசு. அவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்லி என்னையே கேட்கிறார்கள். மாட்டேன் என்றால் நான் கல்நெஞ்சக்காரியா?*
*– செந்தூல் வாசகி*

இல்லைம்மா. அடியை மறந்துவிடலாம், அந்தக் காலத்தில் அடிக்காத வாத்தியார் குறைவு. பெற்ற தாயைச் சொன்னதை ஒரு பிள்ளை எப்படி மறக்கும்? ஏற்பாட்டாளரிடம் "பொன்னாடையை வேற யார்கிட்டயாவது கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அது உங்கள் பள்ளி, உங்கள் தோழிகள், அவரால் நீங்கள் அதையும் இழக்க வேண்டாம். அவரிடம் பேசியே ஆகணும் என்று மனசு சொன்னால் மேடையில் வேண்டாம், கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவருக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், அந்தப் பொன்னாடைகளில் ஒன்றை அவர்களுக்குப் போர்த்துங்கள்.

*கேள்வி: நாங்கள் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம். இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816ல் தொடங்கியது என்று நான் எழுதினேன். தோட்டம் வந்தபிறகுதானே தமிழ்ப்பள்ளி வந்தது, அது எப்படி 1816 என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். எது சரி?*
*– பிரிக்பீல்ட்ஸ் வாசகி*

நீங்கள் எழுதியதுதான் சரி. பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21ல் இங்கே பினாங்கில் ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார், அதில் நடந்த தமிழ் வகுப்பைத்தான் தொடக்கமாக வைத்து எண்ணுகிறோம், 2016ல் 200 ஆண்டு கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். உங்கள் நண்பர் மனசில் இருப்பது தோட்டப் பள்ளிகள். ரப்பர் பெருகிய பிறகு, பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தில் வந்தது, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது உண்டு. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், காலையில் பாடம், மத்தியானம் தோட்டத்துக் கணக்கு என்று அப்படித்தான் பல பள்ளிகள் நடந்தன. இரண்டையும் எழுதுங்கள், சண்டை தீர்ந்துவிடும்.

மலர் என்றதும் ஒன்று சொல்லணும். வாழ்த்துச் செய்திகளுக்குப் பத்துப் பக்கம் கொடுப்பவர்கள் பெயர்களுக்கு ஒரு பக்கம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வகுப்புப் படத்துக்கும் கீழே, இடமிருந்து வலம், எல்லாப் பெயரையும் போடுங்கள். யார் என்று தெரியாத முகத்துக்கும் ஒரு வெற்றுக்கோடு விட்டு அச்சடியுங்கள், வாங்கிப் படிக்கிற யாராவது நிரப்பி அனுப்புவார்கள். மூலப் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம், எழுத்து முன்பக்கம் முகத்தில் மேடாகத் தெரியும், மெல்லிய பென்சில் போதும். மலர் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்மா, அந்தப் பெயர்ப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.