நடுநிலை என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள்

கேள்வி: தேர்தல் நேரம். கல்லூரியில் படிக்கும் மகனுடன் உட்கார்ந்து பார்க்க நல்ல அரசியல் ஆவணப்படங்கள் சொல்லுங்களேன். எந்தப் பக்கமும் சாயாத, நடுநிலையான படங்களாக இருந்தால் நல்லது.
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகச் சொல்கிறேன். அந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள். அடித்தவருக்கு ஐந்து நிமிடம், அடிபட்டவருக்கு ஐந்து நிமிடம் என்று அளந்து கொடுத்தால் உண்மை வந்துவிடாது. காட்டுவது நடந்ததுதானா, பேசியவர் பேச்சை வெட்டித் திரித்தார்களா, எதிர்த்தரப்பை வாய் திறக்கவிட்டார்களா? இந்த மூன்றையும் கேளுங்கள், போதும்.

பாளையங்கோட்டைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்'. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் தடியடி. தப்பிக்கத் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களில் கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அதைப் பற்றிய படம் இது. நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்து அறிக்கை கொடுத்திருக்கிறது. அதையும் தேடிப் படித்துவிட்டுப் படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள் உங்கள் மகனை. சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு, கீழே ஓடும் ஆற்றில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டாமா? அந்தத் தொழிலாளர் குடும்பங்களில் பலரும் 2024-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

அப்புறம் ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்'. 1990-ல் அயோத்தியைச் சுற்றி எடுத்தது, வெளிவந்தது 1992-ல். கோயில் கட்டக் கிளம்பிய இளைஞர்களிடம் ராமர் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று பட்வர்தன் கேட்கிறார். அவர்களால் சொல்ல முடியவில்லை. கேமரா அவசரப்படாமல் நிற்கிறது. அதே படத்தில், அயோத்தியில் சர்ச்சைக்குரிய அந்த இடத்துக்குக் கோர்ட் நியமித்த பூசாரி லால்தாஸ், கோயிலை வைத்து நடக்கும் அரசியலைக் கண்டித்து நிதானமாகப் பேசுகிறார். 1993-ல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இயக்குநரின் பக்கம் எது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மறுதரப்பு தாராளமாகப் பேசியிருக்கிறது. நான் கேட்கும் நேர்மை இதுதான்.

மாஞ்சோலையைப் பார்த்த கையோடு பார்க்க வேண்டிய அமெரிக்கப் படம் ஒன்று இருக்கிறது: பார்பரா கோப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுண்டி, யுஎஸ்ஏ', 1976. கென்டக்கி நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம். விடியுமுன் இருட்டில் கம்பெனி ஆட்கள் பாய்கிறார்கள், வெடிச்சத்தம் கேட்கிறது, கேமராவே ஆடுகிறது. படம் எடுத்தவர்கள் மேலும் அடி விழுந்தது. மறியலில் முன்னால் நின்றவர்கள் தொழிலாளர்களின் மனைவிமார். தேயிலை பறித்த கைகளைத் தெரிந்த நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் படத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

கீழ்வெண்மணியில் 1968-ல் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைச் சொல்லும் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை', மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். 'கக்கூஸ்' பார்க்கும்போது முகம் சுளிக்கும். 2013-லேயே தடைச் சட்டம் வந்த பிறகும் நடக்கிற வேலை அது, சுளித்தால்தான் சரி.

ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டுத் தள்ளாதீர்கள். வாரம் ஒன்று போதும். நடுவில் நிறுத்தி மகனுக்கு விளக்கம் சொல்லவும் வேண்டாம். படம் முடிந்ததும் அவன் என்ன கேட்கிறானோ, அங்கிருந்து பேசுங்கள். அவன் உங்கள் கட்சிக்கு எதிராகப் பேசினாலும் பேசவிடுங்கள்.